திருப்புடைமருதூர் மருத மரங்களுக்குக் கீழே

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மகனை எழுப்பி, "கிளம்புய்யா, பார்க்குக்குப் போறோம்" என்றேன். ஒன்பது வயது. பார்க் என்றால் அவனுக்குத் தெரிந்தது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பதுதான். டைல்ஸ் பதித்த நடைபாதை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, தண்ணீர் வந்தால் ஓடும் ஒரு நீரூற்று. அந்தப் பூங்காவை நான் குறை சொல்ல வரவில்லை, சாயங்காலம் பிள்ளைகள் விளையாட அது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கே நிழல் கிடையாது. நட்டதெல்லாம் அழகுச் செடிகள். மாசி பிறந்துவிட்டால் காலை எட்டரைக்கு மேல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார முடியாது, அப்படிச் சுடும். அம்மாவுக்கு மூட்டுவலி, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவளோ நாலு சுற்று போனதும் "வெயிலு மண்டையப் பொளக்குட்டி" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

அம்மாதான் சொன்னாள். "நெழல்ல நடக்கணும்னா ஒரு நாளு திருப்புடமருதூருக்குப் போவோம், நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது போனது." அவள் பிறந்தது சேரன்மகாதேவிப் பக்கம். தைப்பூசத்துக்கு ஆற்றில் குளிக்க வருஷா வருஷம் வண்டி கட்டிக்கொண்டு அங்கே போன கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

சரி என்று தம்பியின் காரை வாங்கிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று அம்பாசமுத்திரம் போகிற பாதைதான். பிசான அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுப்பு இயந்திரம் ஓடுகிற வயலிலெல்லாம் அதன் பின்னாலேயே முப்பது நாற்பது கொக்குகள், தாள் சாயச்சாயக் கிளம்புகிற பூச்சியைப் பிடிக்க ஓடி ஓடி வருகின்றன. வீரவநல்லூரில் ஒரு டீயும் ஆளுக்கு இரண்டு உளுந்தவடையும். அங்கிருந்து வலது கைப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் ஊர் வந்துவிடும்.

முதலில் வருவது வாசனைதான். கார்க் கதவைத் திறந்ததுமே மீன் சந்தைக்குள் வந்ததுபோல ஒரு கவிச்சி. மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அப்புறம் சத்தம். எங்கோ ஒரு பெரிய பள்ளிக்கூடம் இடைவேளைக்கு விட்டதுபோல ஓயாத இரைச்சல், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தலையைத் தூக்கினால் தெரிகிறது. மருத மரங்களின் உச்சியில், கிளைக்குக் கிளை சுள்ளிக் கூடுகள், ஒவ்வொரு கூட்டிலும் நெடுநெடுவென்று நிற்கிற நாரைகள்.

"ஊஞ்சல் எங்கம்மா?" என்று மகன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மேலே கையைக் காட்டினேன்.

மஞ்சள் மூக்கு நாரை என்பார்கள், சங்குவளை நாரை என்றும் பெயருண்டு. நீள மஞ்சள் அலகு, முடியில்லாத செம்மஞ்சள் தலை, நெஞ்சில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. ஆனால் நின்று பார்க்க வைப்பது அதன் பின்பக்கத்து இறகுகள்தான். வெள்ளை உடம்பின் முடிவில் ரோஸ் நிறத்தில் ஒரு கொத்து, முந்தானையைச் செருகிவிட்டதுபோல. படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ரோஸ் வெயிலில் எப்படி இருக்கும் என்பதை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

சத்தம் போடுவது பெரிய பறவைகள் இல்லை. இந்த நாரைக்குப் பெரிதாகக் குரல் கிடையாது, வளர்ந்தபின் அலகைத் தட்டிக் கடகடவென்று ஒலி எழுப்பும், அவ்வளவுதான். கத்துவதெல்லாம் குஞ்சுகள். அம்மா ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். "குஞ்சுவதான் பசிக்கிக் கத்துது, தாயி வந்து எறங்குனதும் பாரு, இன்னும் கூடும்." அப்படியேதான் நடந்தது. ஒரு நாரை இறங்கியது, மூன்று குஞ்சுகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு மொய்த்தன, அது குனிந்து கூட்டுக்குள் எதையோ கக்கியது. அந்த அடிபிடியில் ஒன்று தவறிக் கீழே விழுந்து, மகனின் செருப்புக்கு இரண்டடி தள்ளி மண்ணில் பொத்தென்று கிடந்தது.

மீன். விரல் நீளக் கெண்டை. செதில்கூடக் கலையவில்லை, ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது, வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. மகன் குந்தி உட்கார்ந்து அதைக் குச்சியால் திருப்பிப் பார்த்தான். இரண்டு நிமிஷத்துக்குள் கட்டெறும்பு வந்துவிட்டது. அப்போதுதான் தரையைச் சரியாகப் பார்த்தேன். மரத்தடி முழுக்க வெள்ளை எச்சம், அதில் ஒட்டிய இறகு, உடைந்த முட்டையோட்டுத் துண்டு, மீன் முள், சுள்ளி. கீழே முளைத்திருக்கிற செடிகளின் இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல இருந்தது. மகனுக்கு மூக்கைப் பொத்த மறந்துபோய்விட்டது.

இந்தக் கெண்டை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் நம்முடைய ஊர்த் தண்ணீர்க் கணக்கு முழுவதும் வந்துவிடும். பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது, கடனாநதியும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. ஆனால் நாரைக்கு ஓடுகிற ஆழத் தண்ணீர் சரிப்படாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அலகைப் பாதி திறந்தபடி உள்ளே விட்டுத் துழாவித்தான் மீன் பிடிக்கும், கண்ணால் பார்த்துக் குத்துகிற பழக்கமில்லை. அதற்குக் குளமும் வயலும் வேண்டும். கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வரிசையாக வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போகிறதே, அந்தக் குளங்களில் தண்ணீர் இருக்கிறவரைக்கும்தான் இந்த மரங்களில் கூடு இருக்கும். கூடு கட்ட மரம் ஓரிடத்தில், சோறு இன்னோரிடத்தில். இரண்டில் ஒன்று போனாலும் பறவை வராது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஒவ்வொரு வருஷமும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டுதான் எண்ணுகிறார்கள். அடுத்த தை மாதம் மகனோடு போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று இப்போதே நினைத்து வைத்திருக்கிறேன்.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். மருதம் ஆற்றோரத்து மரம். அடி பருத்து, வழவழவென்று வெளுத்த சாம்பல் நிறத்தில், தொட்டால் அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது. பட்டை தானாகவே பட்டை பட்டையாக உரிந்து விழும், உள்ளே இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த புதுத்தோல் தெரியும். காய் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இறக்கை, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி. மகன் இரண்டு டவுசர்ப் பையும் நிறையப் பொறுக்கிக்கொண்டான். வயலும் வயல் சார்ந்த நிலத்துக்கு மருதம் என்று பெயர் வைத்தார்களே, இந்த மரத்தை வைத்துத்தான். இந்த ஊர்ப் பெயரிலும் அதுவே இருக்கிறது. கோயிலுக்கும் தலமரம் மருதம். திருவிடைமருதூர், ஸ்ரீசைலம், இது என்று மருத மரத்தைத் தலமரமாகக் கொண்ட மூன்றை ஒரு வரிசையாகச் சொல்வார்கள்.

ஒரு மரத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குப் பட்டையை அரிவாளால் செதுக்கி எடுத்திருந்தார்கள். அது தானாக உரிந்ததில்லை, பார்த்தாலே தெரிகிறது, கறுத்த தழும்பு. மருதம்பட்டைக் கஷாயம் நெஞ்சுக்கு நல்லது என்று நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே கிடைக்கிறது, தயவுசெய்து அங்கே வாங்குங்கள். பட்டையைச் சுற்றிலும் எடுத்துவிட்டால் மரம் பட்டுப்போகும். இந்த உயரத்துக்கு இன்னொரு மருதம் வளர்ந்து அதில் நாரை வந்து உட்கார நம் பேரப்பிள்ளைகள் காலம் ஆகிவிடும்.

மருதத்துக்கு நடுவே நிற்பது இலுப்பை. அந்தக் காலத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம், அதனால்தான் கோயில் நிலங்களில் இலுப்பைத் தோப்பு வைத்தார்கள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொல்லிக்கொண்டே திரிகிறோமே, அந்தப் பூவை வாயில் போட்டுப் பார்த்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள்? அம்மா குனிய முடியாமல் குனிந்து ஐந்தாறு பூவைப் பொறுக்கித் துடைத்து மகன் கையில் கொடுத்தாள். திராட்சை மாதிரி உருண்டையாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், சதைப்பிடிப்பாக இருக்கும். முதலில் இனிப்பு, கடைசியில் தொண்டையில் லேசான ஒரு கமறல். "ஆச்சி, இன்னொண்ணு" என்று கேட்டு வாங்கித் தின்றான்.

அந்த இலுப்பையின் உச்சியில்தான் வௌவால்கள். சின்ன வௌவால் இல்லை, பழந்தின்னி. இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். இலையில்லாத கிளைகளில் கறுப்புத் துணியைக் காயப்போட்ட மாதிரி நூற்றுக்கணக்கில் தொங்கின. தூங்குகின்றன என்று நினைத்தேன், இல்லை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து இறக்கையை விரித்து விசிறிக்கொள்கிறது, பக்கத்தில் இருப்பதோடு சண்டை போடுகிறது, நகத்தை ஊன்றி இடம் மாறுகிறது. வௌவாலைப் பார்த்தால் அருவருப்புப் படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: இலுப்பைப் பூ ராத்திரியில் விரிகிற பூ, அதில் மகரந்தம் சேர்ப்பதும் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் இந்த வௌவால்தான். எண்ணெய் வேண்டும், பூ வேண்டும், வௌவால் வேண்டாம் என்றால் நடக்காது.

ஆற்றுப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். பாதை என்றால் ஆடும் மாடும் ஆளும் நடந்து நடந்து விழுந்த தடம்தான், வேர்கள் குறுக்கே கிடக்கும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். ஆனால் ஒரு தடவைகூட வெயில் என்று சொல்லவில்லை. ஓரிடத்தில் ஆறு வளைந்து, தண்ணீர் அசையாமல் பச்சைக் கரும்பச்சையாகக் குளம்போலக் கிடந்தது. எங்கள் பக்கம் இதற்குக் கசம் என்று பெயர். பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே இரண்டு ஆள் ஆழம் இருக்கலாம், பிள்ளைகளை அதில் இறக்கவே கூடாது. கரையில் உட்கார்ந்து பார்த்தோம். தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் ஒரு நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்து வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரிலிருந்து ஒரு பாம்பு தலையை நீட்டியது என்று மகன் கத்திவிட்டான். பாம்பில்லை, பாம்புத்தாரா. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் வெளியே வளைந்து வளைந்து போகும். அது முங்கிவிட்டு எங்கே எழுந்திருக்கும் என்று அவனும் அம்மாவும் பந்தயம் கட்டினார்கள். அம்மா ஜெயித்தாள், நாலு முறைக்கு மூன்று முறை.

ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். "எங்கேருந்து வாரிய?" என்று கேட்டு, பாளையங்கோட்டை என்றதும் அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, இதுகள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "நாங்க சின்னப் பயலுவளா இருக்கும்போது, கையில கவட்டையப் பாத்தா அன்னைக்கு வீட்ல சோறு கிடையாதும்மா. அடிக்கக்கூட மாட்டாவ, சோத்தப் போட மாட்டாவ. கோயிலுக்கு வாரது மாரி இதுகளும் வருது, நாம யாரு வெரட்டுததுக்கு?" அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் பேச்சு ஆட்டு விலைக்குப் போய்விட்டது.

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு, நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் கொண்டுவந்த திருத்தம், சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றோடு 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்று ஒரு புதிய வகையைச் சேர்த்தது. அரசு நிலத்தை, அக்கம்பக்கத்து மக்களோடு கலந்து பேசி அறிவிக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்கிற குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக 2005-ல் அறிவிக்கப்பட்டது இந்தத் திருப்புடைமருதூர்தான். பரப்பு எவ்வளவு என்கிறீர்கள்? 2.84 ஹெக்டேர். ஏழு ஏக்கர், ஒரு நடுத்தரத் தென்னந்தோப்பு அளவு. நான் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். நூறு ஏக்கர் வேண்டாம், ஏழு ஏக்கர் போதும். ஆனால் அந்த ஏழு ஏக்கரில் மரம் பழைய மரமாக இருக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், ஊர் அதைத் தன்னுடையது என்று நினைக்க வேண்டும். எங்கள் தெருப் பூங்காவில் எது இல்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அதை அமைத்தபோது ஏற்கெனவே நின்ற இரண்டு வேம்பையும் ஒரு புங்கையும் 'டிசைனுக்கு இடைஞ்சல்' என்று வெட்டினார்கள். நாங்கள் யாரும் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு அம்மா வெயிலில் திரும்பி வருகிறாள் என்றால் அந்த மூன்று மரம் இல்லாததால்தான்.

கோயிலுக்கும் போனோம். நாறும்பூநாதர், கோமதி அம்பாள். லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் வந்து கடக்க முடியாமல் அக்கரையில் நின்ற கருவூர்ச் சித்தர் கூப்பிட்டார், அந்த இரைச்சலில் குரல் சரியாகக் கேட்க சுவாமி தலையைச் சாய்த்தார் என்பது தலபுராணம். மேலே அத்தனை குஞ்சுகள் கத்துகிற இடத்தில் நின்று அந்தக் கதையைக் கேட்டது இந்த முறை எனக்கு வேறு மாதிரி இருந்தது. கோபுரத்தின் உள்ளடுக்குகளில் பழைய ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன, நாங்கள் போனபோது மேலே ஏற முடியவில்லை.

மத்தியானம் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் பருப்புத் துவையலையும் கூட்டைவிட்டுத் தள்ளி ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். பன்னிரண்டு மணி வெயிலில் நாரைகள் செய்ததை நான் மறக்க மாட்டேன். குஞ்சு இருக்கிற கூட்டிலெல்லாம், சூரியனுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, இரண்டு இறக்கையையும் பாதி விரித்துக் குடை பிடித்தன. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. சூரியன் நகர நகரத் தாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அம்மா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு வருத்தம். இரண்டு மணி வாக்கில் ஒரு வேனில் வந்த கூட்டம் மரத்தடியிலேயே ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டது. சத்தத்தில் நாலைந்து நாரைகள் கூட்டைவிட்டு எழும்பி வட்டமடித்தன. வெயிலில் குஞ்சுகள் தனியாக. அம்மா நடந்துபோய், "எய்யா, கூட்டுல குஞ்சு இருக்கு, தாயி எறங்க மாட்டேங்குது பாருங்க" என்று சொன்னாள். உடனே நிறுத்திவிட்டார்கள், அதில் ஒரு பையன் மன்னிப்பும் கேட்டான். போகும்போது தண்ணீர்ப் பாட்டிலையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஆற்றங்கரையில் அவர்களுக்கு முன்னால் யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் இலைகளை நாங்களும் ஒரு பையில் கட்டிக் காரில் போட்டுக்கொண்டோம்.

போக நினைப்பவர்கள் மார்கழி கழிந்து பங்குனிக்குள் போனால் கூடும் குஞ்சும் பார்க்கலாம். காலையில் சீக்கிரமே போங்கள், தலையில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள், வெயிலுக்கு இல்லை, மேலிருந்து விழுகிறதற்கு. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆற்றில் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம்.

நாங்கள் மூன்று மணிக்கே திரும்ப நினைத்தோம், அம்மாதான் விடவில்லை. பொழுது சாயும்வரை இருப்போம் என்றாள். ஆறரைக்கு மேல், வானம் இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கும்போது, இலுப்பையிலிருந்து முதல் வௌவால் கிளம்பியது. ஆற்றுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, தாழ இறங்கி, நெஞ்சைத் தண்ணீரில் உரசி நனைத்துக்கொண்டு மேலேறியது. ஏறிப்போய் எங்காவது தொங்கிக்கொண்டு அந்த ஈரத்தை நக்கிக் குடிக்குமாம். அப்புறம் இன்னொன்று, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. மகன் எழுபத்து மூன்று வரைக்கும் எண்ணிவிட்டு விட்டுவிட்டான். மேலே நாரைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன, அதே தோப்பிலிருந்து வௌவால்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. அம்மா கசத்துக் கரையில், மூட்டுவலியோடு, இருட்டி ஒன்றும் தெரியாமல் போகிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.